மங்கலான படமும் ஒரு வரி எச்சரிக்கையும்: ‘பொது இடத்தில் திறக்காதீர்கள்’ குறிகள் எப்படி வேலை செய்கின்றன?

ரெடிட் என்ற உரையாடல் தளத்தில் சில பதிவுகளின் மேல் ‘என்எஸ்எஃப்டபிள்யூ’ என்று ஒரு சிறு பட்டை ஒட்டியிருக்கும். படம் கலங்கலாகத் தெரியும், தொட்டால்தான் தெளியும். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் அதே இடத்தில் எழுதியவரே சொல்லும் ஒரு வரியும், ‘மேலும் காட்டு’ என்றொரு பொத்தானும் இருக்கும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சில அறைகளுக்குள் போகும் முன்பே ‘இது வயது வந்தோருக்கான இடம், தொடரலாமா?’ என்று கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுக்களிலோ மக்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ‘இளகிய மனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று முதலில் ஒரு வரி, அப்புறம் வரிசையாகப் புள்ளிகள், ‘மேலும் படிக்க’ என்பதைத் தட்டிய பிறகே விஷயம்.

பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும் இவை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதை, அது கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லிவிடுகின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான். இந்தக் குறி உள்ளடக்கத்தை ‘கெட்டது’ என்று தீர்ப்பளிப்பதற்காக வந்ததில்லை. அதைத் திறக்கப்போகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன மனநிலையில் இருக்கிறார் என்பது பதிவு போடுகிறவருக்குத் தெரியாது. அதனால் முடிவை அவர் கையிலேயே கொடுத்துவிடும் ஏற்பாடு இது. அறுவை சிகிச்சையைக் காட்டும் வீடியோ மருத்துவ மாணவருக்குப் பாடம். அதுவே சாப்பிட்டுக்கொண்டே கைபேசியைப் பார்ப்பவருக்கு வேண்டாத காட்சி. வீடியோ ஒன்றுதான், பார்ப்பவரின் சூழல்தான் வேறு.

என்எஸ்எஃப்டபிள்யூ என்பது ‘நாட் சேஃப் ஃபார் வொர்க்’ என்பதன் சுருக்கம். வேலை செய்யும் இடத்தில் திறந்தால் சங்கடம் என்று பொருள். அலுவலகம் என்று சொன்னாலும் பேருந்து, ரயில், வகுப்பறை, வீட்டுக் கூடம் எல்லாம் இதில் அடக்கம். அடுத்தவர் கண் உங்கள் திரையில் விழக்கூடிய எந்த இடமும்தான். பெரும்பாலும் நிர்வாணம், பாலியல் காட்சி போன்றவற்றுக்கு இதைப் போடுகிறார்கள். கடுமையான வசைச்சொற்கள் ஒலிக்கும் வீடியோவுக்கும் போடுவதுண்டு. சாவு, கொடூரக் காயம் போன்றவற்றுக்கு ‘என்எஸ்எஃப்எல்’ என்று இன்னொன்று இருக்கிறது. கடைசி எழுத்து ‘லைஃப்’ என்பதைக் குறிக்கும். வேலையிடத்தில் மட்டுமில்லை, தனியாக இருக்கும்போதும் யோசித்துத் திற என்று சொல்வதற்காக வந்தது அது.

இந்தப் பழக்கம் படங்களுக்கு முன்பே, வெறும் எழுத்துக் காலத்திலேயே பிறந்துவிட்டது. 1980-ல் தொடங்கிய யூஸ்நெட் என்ற வலையமைப்பில் மக்கள் குழு குழுவாகச் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நகைச்சுவைக்கென்று ஒரு குழு இருந்தது. அங்கே சிலரைப் புண்படுத்தக்கூடிய ஆபாசத் துணுக்குகளும் வந்தன. எடுத்துவிடுவதா, இருக்கட்டும் என்று விடுவதா? இரண்டும் இல்லாமல் அவர்கள் ‘ராட்13’ என்ற ஓர் எளிய வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுத வேண்டும். ‘ஏ’ என்பது ‘என்’ ஆகும், ‘பி’ என்பது ‘ஓ’ ஆகும். மொத்தம் 26 எழுத்துகள்தான் என்பதால், இன்னொரு முறை பதின்மூன்று இடம் தள்ளினால் பழைய எழுத்தே திரும்பி வந்துவிடும். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி.

இது ரகசியக் குறியீடு கிடையாது. யார் வேண்டுமானாலும் நொடியில் அவிழ்த்துவிடலாம், அது தெரிந்தேதான் அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சும்மா கண்ணை ஓட்டிக்கொண்டு போகிறவருக்குத் துணுக்கு புரியாது. படிக்க வேண்டும் என்று நினைப்பவர் தானாக ஒரு காரியம் செய்ய வேண்டும். தற்செயலாகக் கண்ணில் படக் கூடாது, வேண்டுமென்று முனைந்தால் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இன்றைக்கு ரெடிட் படத்தைக் கலக்கிக் காட்டுவதும், டிஸ்கார்டில் ஒரு சொல்லின் இருபுறமும் இரட்டைக் கோடு போட்டு மறைப்பதும் இதே யோசனையின் பிள்ளைகள்தான். கதையின் முடிவைப் போட்டுடைக்காமல் பேச உதவும் ‘ஸ்பாய்லர்’ குறிக்கும் இதுவே மூலம். ராட்13 அதற்கும் பயன்பட்டது.

குறிக்கு ஒரு சொல் தேவைப்பட்டது 90-களின் கடைசியில். வதந்திகளைச் சரிபார்க்கும் ஸ்நோப்ஸ் தளத்தின் உரையாடல் பகுதியில் 1998-ல் ஒரு பெண், இப்படிப்பட்ட பதிவுகளுக்கு ‘பிரிட்டிஷ் பள்ளிக் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று போடக் கூடாதா என்று குறைபட்டுக்கொண்டாராம். மற்றவர்கள் முதலில் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தத் தொடரின் ஆங்கிலச் சுருக்கத்தையே உண்மையான எச்சரிக்கையாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். பரவலாகச் சொல்லப்படும் வரலாறு இது. அங்கிருந்துதான் ‘வேலையிடத்துக்கு ஏற்றதல்ல’ என்ற வடிவம் கிளைத்தது என்பார்கள். 2015-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் என்எஸ்எஃப்டபிள்யூவைச் சேர்த்துக்கொண்டது.

சரி, ஒரே ஒரு குறி போதுமா? போதாது. இங்கேதான் ரசிகர் புனைகதை எழுதும் சமூகங்களிடமிருந்து நாம் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பிடித்த தொடர்களின் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதிப் பகிர்ந்துகொள்பவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் அவர்களிடம் ‘லெமன்’, ‘லைம்’ என்று குறிச்சொற்கள் இருந்தன. லெமன் என்றால் வெளிப்படையான பாலியல் காட்சி உண்டு, லைம் என்றால் அதைவிட மிதமானது. உள்ளே இருப்பவர்களுக்கு இது பளிச்சென்று புரியும். புதிதாக வருபவருக்கோ பழத்தின் பெயர் என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே புரியாமல் போகும் குறி அரைகுறைதான்.

2002-ல் ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் தளம், மிக வெளிப்படையான கதைகளுக்கென்று இருந்த பிரிவையே எடுத்துவிட்டது. 2007-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் முன்னறிவிப்பில்லாமல் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியது. அடுத்தவர் தளத்தில் குடியிருந்தால் இதுதான் கதி என்று புரிந்துகொண்ட ரசிகர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’, சுருக்கமாக ஏஓ3, என்ற அவர்களுடைய களஞ்சியம் 2009-ல் திறந்தது. அங்கே குறியிடும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதை போடுகிறவர் முதலில் தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஏற்றது, பதின்ம வயதுக்கு மேல், முதிர்ந்த வாசகர்களுக்கு, மிக வெளிப்படையானது என்று நான்கு படிகள். ‘மதிப்பிடவில்லை’ என்று விட்டுவிடவும் இடமுண்டு. அது தனி. அடுத்து, எச்சரிக்கை. கொடூர வன்முறையின் விவரிப்பு, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வல்லுறவு, வயது வராதவர்களை உள்ளடக்கிய பாலியல் என்று நான்கே நான்கு. பாத்திரத்தின் மரணம் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அது ஆபாசமும் இல்லை, அலுவலகத்தில் படிக்கக் கூடாததும் இல்லை. ஆனால் நேசிக்கும் பாத்திரம் செத்துப்போவதை இன்றைக்குத் தாங்க முடியாது என்று ஒரு வாசகர் சொன்னால் அதையும் மதிக்கிறார்கள்.

இந்த நான்கோடு இன்னும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று, ‘இந்த எச்சரிக்கைகள் எதுவும் பொருந்தாது’. மற்றொன்று, ‘எழுதியவர் எச்சரிக்கை தர விரும்பவில்லை’. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் மிக நுட்பமானது. முதலாவது, உள்ளே அப்படி எதுவும் இல்லை என்ற உறுதி. இரண்டாவது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கதையின் திருப்பத்தைக் கெடுக்க மனமில்லை, நீங்கள் துணிந்து உள்ளே வாருங்கள் என்பது. எழுத்தாளரின் உரிமையும் காப்பாற்றப்படுகிறது, வாசகரும் ஏமாற்றப்படவில்லை. எத்தனையோ பெரிய நிறுவனங்கள் யோசிக்காத இடத்தை இந்தத் தன்னார்வலர்கள் யோசித்திருக்கிறார்கள். இவற்றுக்குமேல் எழுதுகிறவர் தன் சொந்த வார்த்தைகளில் குறிச்சொற்களும் சேர்க்கலாம். ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் அல்லவா, அவற்றையெல்லாம் பின்னணியில் ஒன்றோடொன்று இணைத்துவைப்பதற்கென்றே ஒரு தன்னார்வலர் படை வேலை செய்கிறது. ஒரு வாசகர் தனக்கு வேண்டாத குறிச்சொல்லைத் தேடலிலேயே நீக்கிவிட முடிவது அதனால்தான். இந்தக் களஞ்சியத்துக்கு 2019-ல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருதும் கிடைத்தது.

குறி போட்ட பிறகு என்ன நடக்கிறது?

தொழில்நுட்பமாகப் பார்த்தால் சாதாரணக் குறி என்பது தரவுதளத்தில் ஒரு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு ‘ஆம்’ பல இடங்களில் மதிக்கப்பட வேண்டும். பதிவுகள் வரிசையாக ஓடும் பக்கத்தில் சிறு படம் கலங்க வேண்டும். வீடியோ தானாக ஓடக் கூடாது. தேடல் முடிவுகளில் வடிகட்ட வேண்டும். உள்நுழையாமல் பார்ப்பவரிடமும் வயது வராதவரிடமும் காட்டக் கூடாது. கைபேசியின் பூட்டுத் திரையில் வரும் அறிவிப்பில் அந்தப் படம் வந்துவிடக் கூடாது. ஒருவர் அந்த இணைப்பை நகலெடுத்து வேறொரு குழுவில் ஒட்டினால், அங்கே தானாகத் தோன்றும் முன்னோட்டப் படமும் மறைந்திருக்க வேண்டும்.

கசிவு பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான் நடக்கிறது. ஒரு செயலி தன் வீட்டுக்குள் ஒழுங்காக மறைத்துவைத்த படத்தை, இன்னொரு செயலி முன்னோட்டமாக விரித்துப் போட்டுவிடும். ஏனென்றால் அந்த ‘ஆம்’ இணைப்போடு சேர்ந்து பயணிக்கவில்லை. தளங்களுக்கு நடுவில் பொதுவாக ஒரு குறிமொழி வேண்டும் என்று முன்பே யோசித்தார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1996-ல் ‘பிக்ஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பக்கமும் தன் உள்ளடக்கத்தின் தன்மையைத் தானே அறிவிக்க வேண்டும், உலாவி அதைப் படித்து வடிகட்ட வேண்டும் என்பது திட்டம். பெரும்பாலான தளங்கள் குறியே போடாததால் அது நிலைக்கவில்லை. இன்றைக்கு மிஞ்சியிருப்பது, பக்கத்தின் நிரலில் ‘இது வயது வந்தோருக்கானது’ என்று ஒரு வரி சேர்க்கும் வழக்கம். கூகுளின் பாதுகாப்புத் தேடல் அதைப் படித்துக்கொள்கிறது.

தலைப்பும் கசியும். படம் கலங்கியிருக்க, அதில் என்ன இருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே விலாவாரியாக எழுதினால் மறைத்து என்ன பயன்? பூட்டுத் திரையில் முதலில் வருவதே தலைப்புதான்.

குறிக்குப் பின்னால் பணமும் உண்டு. வயது வந்தோருக்கானது என்று குறித்த குழுக்களில் ரெடிட் விளம்பரம் காட்டுவதில்லை. 2023 ஜூனில் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதித்ததை எதிர்த்துப் போராடிய சில குழுக்கள், தங்களை என்எஸ்எஃப்டபிள்யூ என்று மாற்றிக்கொண்டன. குழுவை மூடாமலேயே விளம்பர வருமானத்தை நிறுத்தும் வழி அது. நிறுவனம் சில குழுக்களின் நெறியாளர்களை நீக்கியதில் முடிந்தது அந்த அத்தியாயம். பார்ப்பவரின் வசதிக்காகப் பிறந்த குறி, பரவலையும் வருமானத்தையும் தீர்மானிப்பதாக மாறும்போது, போட வேண்டியவர் போடத் தயங்குவார் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

யார் போடுவது?

பதிவு போடுகிறவர் போடுவதே சிறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் மறந்தால் நெறியாளர் போடுவார். கோடிக்கணக்கில் பதிவுகள் குவியும் தளங்களில் இயந்திரம் போடுகிறது. யாஹூ 2016-ல் இப்படியொரு மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு படத்தைக் கொடுத்தால் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். ஒன்றை நெருங்க நெருங்க ஆபாசம் என்பது கணிப்பு. எந்த எண்ணுக்கு மேல் மறைப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயந்திரத்துக்குத் தோலின் நிறமும் வளைவும் தெரியும், சூழல் தெரியாது. பாலைவன மணல்மேட்டின் படங்களைத் தங்கள் மென்பொருள் நிர்வாணம் என்று எடுத்துக்கொள்கிறது என்று லண்டன் மாநகரக் காவல்துறையே 2017-ல் சொன்னது. 2018 டிசம்பரில் டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் வயது வந்தோர் உள்ளடக்கத்தை மொத்தமாகத் தடை செய்து இயந்திரத்தை ஏவியபோது, எந்தக் குற்றமும் இல்லாத ஓவியங்களும் படங்களும் மாட்டிக்கொண்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022-ல், அதே தளம் ‘சமூகக் குறிகள்’ என்று கொண்டுவந்தது. போதைப் பழக்கம், வன்முறை, பாலியல் கருப்பொருள் என்று எழுதுகிறவரே வகை சொல்லிப் பதிவிடலாம். தடையைவிடக் குறி மேல் என்று ஒரு நிறுவனம் பட்டறிந்து திரும்பிய வழி என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

2016-ல் ஃபேஸ்புக், வியட்நாம் போரில் நாபாம் குண்டுக்குத் தப்பி ஆடையின்றி ஓடிவரும் சிறுமியின் 1972-ஆம் ஆண்டுப் புகைப்படத்தை நீக்கியது. நார்வேயில் பெரும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்ப அனுமதித்தது. உலகமே பார்த்தாக வேண்டிய வரலாற்று ஆவணம் அது. பார்க்கக் கடினமானதும்கூட. ‘போர்க் காட்சி, காயமுற்ற குழந்தை’ என்று ஒரு வரி போதும், இரண்டு உண்மைக்கும் இடம் கிடைத்துவிடும்.

குறியே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விக்கிப்பீடியா கட்டுரைகளில் இப்படிப்பட்ட எச்சரிக்கை போடுவதில்லை. விரும்புகிறவர்கள் மட்டும் படங்களை மறைத்துக்கொள்ளும் ஒரு வசதியை 2011-ல் விக்கிமீடியா அறக்கட்டளை முன்வைத்தபோது, பயனர்களிடமிருந்து, குறிப்பாக ஜெர்மன் மொழி விக்கிப்பீடியர்களிடமிருந்து, கடும் எதிர்ப்பு வந்து திட்டம் கைவிடப்பட்டது. எதைச் சங்கடமானது என்று வகைப்படுத்துவது, யாருடைய பண்பாட்டின்படி? அப்படி ஒரு பட்டியல் தயாராகிவிட்டால் அதை வைத்தே பிறர் தணிக்கை செய்ய மாட்டார்களா? இந்தக் கேள்விகள் வெறும் கற்பனை இல்லை. 2017-ல் முதிர்ந்த உள்ளடக்கத்தை வடிகட்டும் யூடியூபின் ‘கட்டுப்படுத்தப்பட்ட முறை’ என்ற அமைப்பில், பால்புதுமையினர் (எல்ஜிபிடி சமூகத்தினர்) தங்கள் வாழ்க்கையைப் பேசிய சாதாரண வீடியோக்கள்கூட மறைந்துபோயின. தவறு நடந்துவிட்டது என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இன்னொரு கேள்வி, எச்சரிக்கை மனதைக் காக்கிறதா? 2023-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, எச்சரிக்கை போட்டதால் பின்னர் பார்ப்பதன் பாதிப்பு குறைவதில்லை, பார்ப்பதற்கு முந்தைய பதற்றம் மட்டும் சற்று கூடுகிறது என்று காட்டியது. ஆகவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம். எப்போது, எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது என்பதை முடிவு செய்ய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. எனக்கு அதுவே போதுமான காரணம். அதோடு ஒரு விதிவிலக்கும் உண்டு. வேகமாக மின்னும் ஒளி. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு போக்கிமான் காட்சியின் சிவப்பு-நீல மின்னல்களைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவருக்கு ‘மின்னும் ஒளி உண்டு’ என்ற மூன்று சொற்கள் உடலைக் காப்பவை. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது வலை அணுகல்தன்மை விதிகளிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வீடியோவைத் தானாக ஓடவிடவும் கூடாது.

நீங்கள் குறி போடும்போது ‘18+’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது கதவைக் காட்டுகிறது, அறைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. ‘சாலை விபத்து, ரத்தம் தெரியும், ஒலி இல்லை’ என்று எழுதினால் ஒரே வரியில் எல்லாம் தெரிந்துவிடும். ‘அதிர்ச்சிக் காட்சி! பார்த்தால் உறைந்துபோவீர்கள்!’ என்பது எச்சரிக்கை கிடையாது, தூண்டில். ஒலி பிரச்சினை என்றால் ‘ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சேருங்கள். படங்கள் தானாகத் தரவிறங்கும் குழுவில் எச்சரிக்கையைப் படத்தின் கீழே எழுதிப் பயனில்லை, கண் முதலில் படத்துக்குத்தான் போகும். முதலில் செய்தி, அப்புறம் இணைப்பு, அதுவும் முன்னோட்டத்தை நீக்கிவிட்டு. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை போடும் பழக்கமும் வேண்டாம். எதற்கெடுத்தாலும் குறி என்றால் ஒருவரும் குறியைப் படிக்க மாட்டார்கள்.

சிலவற்றுக்கு எந்தக் குறியும் போட முடியாது, அவற்றைப் பகிரவே கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையின் பதிவுகள் குற்றம். சம்மதமில்லாமல் பரப்பப்படும் ஒருவரின் அந்தரங்கப் படம் மேல் ‘18+’ என்று எழுதுவதால் அந்தச் சம்மதம் வந்துவிடாது. குறி பார்ப்பவருக்குத் தேர்வு தருகிறது, படத்தில் இருப்பவருக்கு எதையும் தருவதில்லை. அப்படி ஒன்று உங்கள் குழுவில் வந்தால் யாருக்கும் அனுப்பாமல் தளத்திடம் புகார் செய்யுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற சேவை 2021 முதல் இருக்கிறது. படத்தை எங்கும் பதிவேற்றத் தேவையில்லை. அவருடைய கைபேசியிலேயே படத்துக்கு ஓர் எண்ணடையாளம் உருவாகி அது மட்டும் அனுப்பப்படும், சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதே அடையாளமுள்ள படம் தங்கள் தளத்தில் ஏறுகிறதா என்று பார்த்துத் தடுக்கும். படம் எடுக்கப்பட்டபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்றால், அதேபோல் இயங்கும் ‘டேக் இட் டவுன்’ சேவையை அணுக வேண்டும்.